பெத்த தாய்க்குக் கணக்குப் பார்க்கலாமா?

“எந்தக் கம்பெனி மூட்டுங்க போட்டீங்க?”

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். திருப்பூர் காதர்பேட்டையில் கேட்கிறார்கள், காம்பேக்டிங் பட்டறையில் கேட்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். எந்த டாக்டர் என்று முதலில் கேட்டவர் ஒருவரும் இல்லை. இப்போது நடக்கிறார்களா என்பதுகூட இரண்டாவதுதான். எல்லோர் வீட்டிலும் ஒரு அம்மாவோ அம்மாயியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், அடுத்த வருஷமாவது செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதனால் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். விலைப்பட்டியலைப் பார்த்தால் ஐட்டம் ஐட்டமாகப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன், அவ்வளவுதான் என் தகுதி.

அம்மாவுக்கு வயது 71. பாவாடை கட்டும் வயதில் டெய்லருக்கு உதவியாளாக, கைமடியாக, பனியன் கம்பெனிக்குள் போனவர், பிறகு செக்கிங். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால் ராத்திரி எட்டரை. நின்றதால்தான் மூட்டு தேய்ந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படி ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, வயது, எடை, பெண்ணாக இருப்பது, பரம்பரை, வேலை எல்லாம் சேர்ந்ததுதான் என்றார். எது எப்படியோ, இரண்டு காலும் வெளிப்பக்கமாக வளைந்து, உள்பக்கக் குருத்தெலும்பு காலியாகி, எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை. ராத்திரி புரண்டு படுத்தால் முனகல் கேட்கும். சிவன்மலைக்குப் போனால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

முதல் கேள்வி மூட்டு எது என்பதல்ல, ஆபரேஷன் வேண்டுமா என்பதுதான். எக்ஸ்ரேயைக் காட்டி ‘கிரேடு 4’ என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிடுகிறோம். ஆனால் எக்ஸ்ரேயில் மோசமாக இருக்கும் சிலர் நன்றாக நடக்கிறார்கள், அதில் சுமாராக இருக்கும் சிலர் வலியில் துடிக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. டென்மார்க்கில் 100 நோயாளிகளை இரண்டு பாதியாகப் பிரித்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2015இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு மூட்டு மாற்று, மறு பாதிக்கு முறையான உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, வலி மாத்திரை, செருப்புக்குள் வைக்கும் இன்சோல். ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் பலன் அதிகம், அதில் சந்தேகமில்லை. தீவிரமான பக்க விளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். பயிற்சிக் கூட்டத்தில் ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 26 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் அந்த வருஷத்தை ஆபரேஷன் இல்லாமலே ஓட்டினார்கள். அம்மாவுக்கும் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தோம். கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அதன் பிறகுதான் கோவைக்கும் திருப்பூருக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம்.

ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் கோஆர்டினேட்டர் ஒருவர் எங்களைத் தனி அறையில் உட்கார வைத்து லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். மூன்று கட்டம். முதல் கட்டம் ‘ஸ்டாண்டர்டு’. நடுவில் ‘பிரீமியம்’. கடைசியில் தங்க நிறத்தில் பளபளக்கும் மூட்டுப் படம், பக்கத்தில் ‘30 வருடம்’ என்று பெரிய எழுத்து. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் ஒரு காலுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பேசியவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. “அம்மாவுக்கு எது பெஸ்டோ அதைப் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எந்த மகனும் முதல் கட்டத்தில் விரல் வைக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். மாமா போனில், “ஏம்ப்பா, பெத்த தாய்க்குப் போயி கணக்குப் பார்ப்பியா? கல்யாணத்துக்கு மண்டபம் எடுக்கறப்ப பார்த்தியா கணக்கு?” என்றார். அத்தை, அவங்க பக்கத்து வீட்டம்மாவுக்குத் தங்க மூட்டு போட்டதாகவும் அந்தம்மா இப்போது மாடிப்படி ஏறுவதாகவும் சொன்னார். அம்மாவோ இன்னும் ஒரு படி மேலே. வேறொரு டாக்டர் அவரிடமே நேராக, “அம்மா, உங்களுக்குச் சாதாரண மூட்டே தாராளமாப் போதுமுங்க” என்று சொல்லியிருந்தார். காரில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சாதாரணமாமா! என்ற பையனப் பார்த்தா அவ்வளவு கஞ்சனாட்டவா தெரியுது?” என்றார்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்ததுபோல அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கும் உச்ச விலை வைத்தது. அன்றைய மத்திய ரசாயனம், உரத்துறை அமைச்சர் அனந்த்குமார் அறிவித்தார். கோபால்ட் குரோமியத்தில் செய்த சாதாரண மூட்டு முழு செட், அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது, 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதிகமாக மடக்கலாம் என்று சொல்லப்படும் ‘ஹை ஃபிளெக்ஸ்’ 1,81,728இலிருந்து 56,490. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைகள் 2,49,251இலிருந்து 76,600. ஜிஎஸ்டி தனி. அதன்பின் தொகைகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, நீங்கள் போகும் நாளில் நடப்பில் உள்ள உச்ச விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு போடும் விதம் அதேதான்.

கழித்துப் பாருங்கள். முதல் தடவை போடும் மூட்டுகளில் விலை அதிகமான வகைக்கும் சாதாரண வகைக்கும் உச்ச விலையில் வித்தியாசம் 21,880 ரூபாய். ஹை ஃபிளெக்ஸுக்கும் சாதாரணத்துக்கும் 1,770 ரூபாய்தான். அப்படியானால் அட்டையில் இருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? உலோகத்திலிருந்து வரவே முடியாது. அறை வாடகை, தியேட்டர் கட்டணம், ரோபோ கட்டணம், ‘பேக்கேஜ்’. இவற்றுக்கெல்லாம் உச்ச விலை கிடையாது. தனி அறை வேண்டும் என்றால் தனி அறைக்குக் காசு கொடுக்கலாம், அதில் தப்பில்லை. அதை மூட்டின் தரம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது. அடுத்த முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “இம்ப்ளான்ட் தொகையை மட்டும் தனியாப் பிரிச்சு எழுதிக் குடுங்க” என்று கேட்டேன். எங்கள் தொழிலில் பையர் காஸ்டிங் ஷீட்டைப் பிரித்துக் கேட்டால் முகம் எப்படி மாறுமோ, அந்த அறையில் அதைப் பார்த்தேன்.

உள்ளுக்குள்ளேயும் பிரித்துப் பார்க்கலாம். 54,720 என்பது நான்கு பாகங்களின் கூட்டு. தொடை எலும்பின் முனையில் தொப்பியாக மாட்டும் பாகம் 24,090, கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் தட்டு 16,990, இரண்டுக்கும் நடுவில் வரும் பிளாஸ்டிக் 9,550, முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஒட்டும் பட்டன் 4,090. சில்லுப் பட்டனை எல்லோருக்கும் வைப்பதில்லை. நம் ஊர் டாக்டர்கள் பலர் சில்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். அம்மாவுக்கும் வைக்கவில்லை. வைக்காத பாகத்துக்கு பில்லில் தொகை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி அந்தத் தங்கம். அதில் தங்கம் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு, டைட்டானியம் நியோபியம் நைட்ரைடு போன்ற மெல்லிய பூச்சு, அதன் இயற்கை நிறமே மஞ்சள். கறுப்பாக இருப்பது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம். இவற்றுக்கு நியாயமான ஒரு பயன்பாடு உண்டு. கோபால்ட் குரோமியத்தில் சிறிதளவு நிக்கல் கலந்திருக்கும். கவரிங் நகை போட்டால் கழுத்து சிவந்து அரிக்கிறவர்கள், வாட்ச் பக்கிள் பட்ட இடத்தில் தோல் தடிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தோலில் வரும் ஒவ்வாமை மூட்டுக்குள்ளும் தொந்தரவு தருமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இருந்தாலும் அப்படிப்பட்டவர்களுக்குப் பூச்சுள்ள மூட்டு போடுவது புரிந்துகொள்ளக்கூடிய முன்ஜாக்கிரதை. அம்மா நாற்பது வருஷமாக கவரிங் தோடு போடுகிறார், ஒரு அரிப்பும் கிடையாது.

‘30 வருடம்’ என்ற எழுத்துக்கு வருவோம். சிர்கோனியம் மூட்டை விசேஷ பிளாஸ்டிக்கோடு சேர்த்து சிமுலேட்டர் இயந்திரத்தில் 4.5 கோடி தடவை ஆட்டி, அது 30 வருஷ நடைக்குச் சமம் என்று கணக்கிட்டு வந்த எண் அது. ஆய்வகத்தில் வந்த எண்தான், எந்த மனிதரும் அதை 30 வருஷம் நடந்து காட்டியதால் வந்ததல்ல. மனிதர்கள் நடந்து காட்டிய எண்ணும் இருக்கிறது, அதை அட்டையில் போடமாட்டார்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றியவர்களில் 25 வருஷம் கழித்தும் 82 சதவீதம் மூட்டுகள் அப்படியே இருந்தன. யோசித்துப் பாருங்கள், 25 வருஷம் தாண்டிய அவை எல்லாம் 1990களின் தொடக்கத்திலோ அதற்கும் முன்போ போட்டவை. தங்கப் பூச்சும் கிடையாது, ரோபோவும் கிடையாது. பெரும்பாலும் நாம் ‘சாதாரணம்’ என்று முகம் சுளிக்கும் அதே கோபால்ட் குரோமியம்.

வயதானவர்களுக்கு அதைவிட நன்றாகப் பொருந்தும் ஒரு எண் 2017இல் அதே இதழில் வந்தது. 70 வயதுக்கு மேல் முழங்கால் மாற்றிக்கொள்பவர், தன் மீதி ஆயுளில் இன்னொரு முறை மாற்றவேண்டி வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் ஐந்துதான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கு அது 35 வரை போகிறது. ஆக, கூடுதல் காலம் உழைக்கும் பொருளைத் தேட வேண்டியவர் 52 வயதில் மூட்டு மாற்றும் மகன்தான், 71 வயதில் மாற்றும் அம்மா அல்ல. அம்மாவின் ஆயுளை நான் எண்ணிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம், அவர் நூறு வயது இருக்கட்டும். ஆனால் இந்த வியாபாரத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் குழந்தைக்குப் பத்தாமல் போகப்போகும் பாடிசூட்டுக்கு ஐம்பது வாஷ் தாங்கும் என்று டெஸ்ட் ரிப்போர்ட் வைத்து விலை ஏற்றுகிறோம். ரிப்போர்ட் பொய் இல்லை. அந்தக் குழந்தைக்கு அது தேவையா என்பதுதான் வேறு கேள்வி.

ஹை ஃபிளெக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களைச் சாய்க்கிற இடம் அதுதான். சம்மணம் போட்டுச் சாப்பிடலாம், தரையில் உட்கார்ந்து கோலம் போடலாம், கோயிலில் விழுந்து கும்பிடலாம் என்றால் எந்த அம்மா வேண்டாம் என்பார்? அந்த ஆசை நியாயமானது. ஆனால் கொரியாவில் 50 பேருக்கு ஒரு காலில் சாதாரண மூட்டும் மறு காலில் ஹை ஃபிளெக்ஸும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005இல் வந்த அந்த ஆய்வில் சாதாரண கால் மடங்கியது சராசரியாக 135.8 டிகிரி, ஹை ஃபிளெக்ஸ் கால் 138.6. மூன்று டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் கால் எவ்வளவு மடங்கியதோ, அதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பிறகு வேலை பிசியோதெரபி கையில். மடங்கினாலும் சரி, குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், இந்தியன் டாய்லெட் போகாதீர்கள் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்புறம் எதற்கு?

அதற்கும் மேல் ஒன்று. 2022 டிசம்பரில் ஜிம்மர் பயோமெட் நிறுவனம் தன் நெக்ஸ்ஜென் மூட்டில் ஒரு வகைக் கீழ்த்தட்டைத் திரும்பப் பெற்றது. காரணம் பிரிட்டன் பதிவேடு. அந்தத் தட்டை ‘எல்பிஎஸ் ஃபிளெக்ஸ்’ என்ற அதிகம் மடங்கும் தொடைப் பாகத்தோடு சேர்த்துப் போட்டவர்களுக்கு மறு ஆபரேஷன் கூடுதலாக இருப்பது பல வருஷத் தரவில் தெரிந்தது. அங்கே சுமார் பத்தாயிரம் பேரைக் கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. நெக்ஸ்ஜென் மோசமான பெயர் அல்ல, உலகம் முழுக்கப் பல வருஷம் நன்றாக ஓடிய மூட்டுக் குடும்பம். நல்ல கம்பெனியின் நல்ல மூட்டிலும் எந்தப் பாகத்தை எதோடு சேர்க்கிறோம் என்பதில் ஆள் மாட்டிக்கொள்ளலாம். கம்பெனி பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

விளம்பரத்தில் எல்லாம் உலோகத்தின் நிறத்தைத்தான் காட்டுகிறார்கள். உண்மையில் தேய்வது நடுவில் இருக்கிற பிளாஸ்டிக். பாலிஎத்திலீன். அதைக் கதிர்வீச்சில் இறுக்கிச் செய்த ‘ஹைலி கிராஸ்லிங்க்டு’ வகை வந்திருக்கிறது, வைட்டமின் இ சேர்த்ததும் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பதிவேட்டில் கிராஸ்லிங்க்டு வகைக்கு மறு ஆபரேஷன் குறைவாகப் பதிவாகியிருக்கிறது. 9,550 ரூபாய் பாகம்தான், யாரும் கேட்பதில்லை. பேக்கிங்கூட விஷயம்தான். எக்ஸாக்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 2021, 2022இல் தன் முழங்கால் பிளாஸ்டிக்குகளைப் பெருமளவில் திரும்பப் பெற்றது. பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு அடுக்கு விடுபட்டிருந்தது, அதனால் உள்ளே இருந்த பொருள் பெட்டியிலேயே கெட ஆரம்பித்துவிட்டது. 2004லிருந்து பேக் செய்ததெல்லாம் அதில் அடக்கம். எக்ஸ்போர்ட்டில் பாலிபேக் மைக்ரான் குறைந்து ஷிப்மெண்ட் ரிஜெக்ட் ஆன அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

பதிவேடு பதிவேடு என்று சொல்கிறேனே, அது என்னவென்றால், போட்ட ஒவ்வொரு மூட்டையும் எழுதிவைத்து, எது எப்போது கழற்றப்பட்டது என்று பார்ப்பது. ஸ்வீடன் 1975இல் தொடங்கியது. ஆஸ்திரேலியா 1999. இங்கிலாந்து 2003 முதல் எழுதுகிறது. நம் நாட்டிலும் இடுப்பு, முழங்கால் அறுவை நிபுணர்களின் சங்கம் ஒன்று நடத்துகிறது, டாக்டர்கள் விருப்பப்பட்டு எழுதினால் உண்டு. இங்கே கட்டாயப் பதிவேடு இல்லாத விலையை ஒருமுறை கொடுத்தாயிற்று. டிபூய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றபோது, இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதையே கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவும் அந்த நேரத்தில் புதுசு, நவீனம் என்று விற்ற பொருள்தான். வயதானவர்களுக்குப் புது மாடல் வேண்டாம், பத்து பதினைந்து வருஷம் ஓடி முடித்த மாடல் போதும் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம். பிரிட்டனில் ஓடெப் என்றொரு குழு மூட்டு மூட்டாக மதிப்பெண் போடுகிறது. ‘10ஏ’, ‘15ஏ’ என்று இருந்தால் அத்தனை வருஷத் தரவு இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் சொல்லும் மாடலின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனில் தேடினால் ஐந்து நிமிஷ வேலை.

இந்த மூட்டின் அடிப்படை உருவமே ஐம்பது வருஷப் பழசு. 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழு ‘டோட்டல் காண்டைலர்’ மூட்டை வைத்தபோது அதில் நம் நாட்டில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தும் இருந்தார். 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாய்க்கு இடது முழங்காலையும் அடுத்த ஆண்டு வலது முழங்காலையும் மாற்றியவர் அவர்தான். மூட்டு மாற்றலாம் என்பதே நம் ஊர்க்காரர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன் எண்ணெய்க் கட்டும் வெந்நீர் ஒத்தடமும்தான். இந்திய நிறுவனங்களும் இப்போது செய்கின்றன. குஜராத் வாபியில் மெரில் இருக்கிறது, புனேயிலிருந்து இண்டஸ் மூட்டு வருகிறது. இறக்குமதி என்றால்தான் நல்லது என்று நான் நம்பவில்லை. நம் பனியனை வெளிநாட்டுக்காரன் லேபிள் ஒட்டி விற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படி நம்புவதும் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்திய மாடலாக இருந்தாலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான், எத்தனை வருஷத் தரவு? கூடவே சைஸ். நம் பெண்களின் எலும்பு சின்னது, எலும்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வலிக்கும். சின்ன சைஸ், குறுகலான சைஸ் அந்த மாடலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரோபோ பற்றி ஒரு வரி. வெட்டும் கோணம் துல்லியமாக வருகிறது என்பது உண்மை. அதனால் பத்து வருஷம் கழித்து நோயாளி மேலாக நடக்கிறார் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. பணம் இருந்தால் செய்துகொள்ளுங்கள், கடன் வாங்கிச் செய்ய வேண்டாம்.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது மூட்டை அல்ல, டாக்டரை. அவரிடம் நான் கேட்டது, “இதே மாடலை எத்தனை வருஷமாப் போடறீங்க சார்?” அவர் தயங்காமல் பதில் சொன்னார். வருஷக்கணக்காக அதே செட் கருவி, அதே நர்ஸ். “வேற கம்பெனி வேணும்னு நீங்க கேட்டா போடலாமுங்க. ஆனா எனக்குக் கை பழகினது இது” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் வெட்டும் ஜிக் வேறு, அளவெடுக்கும் முறை வேறு. நம் பிடிவாதத்துக்காக அவர் பழகாத செட்டைக் கையில் எடுத்தால் நஷ்டம் அம்மாவுக்கு. மூட்டுகள் சீக்கிரம் கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் கிருமித் தொற்று, தளர்ந்துபோவது. உலோகத்தின் விலை இந்த இரண்டையும் தடுப்பதில்லை. அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை ஆபரேஷன் தேதியே கொடுக்காமல் தள்ளிப்போட்டார் அந்த டாக்டர். இரண்டு காலையும் ஒரே நாளில் செய்யலாமா என்று கேட்டதற்கும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, தனித்தனியாகச் செய்வோம் என்றார். இரண்டு தடவை அட்மிஷன், செலவு கூடுதல்தான். அதற்கு நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

போட்டது நீண்ட காலத் தரவுள்ள சாதாரண கோபால்ட் குரோமியம், கிராஸ்லிங்க்டு பிளாஸ்டிக். மூட்டில் மிச்சமானதை பாத்ரூமில் போட்டோம். வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். மீதி பிசியோதெரபிஸ்ட்டுக்கு, வீட்டுக்கே வந்தார். அவரை அம்மா திட்டாத நாள் இல்லை. இப்போது பால் பூத் வரை தடியில்லாமல் போய் வருகிறார், மளிகைக் கடைக்காரரிடம் நின்று சண்டை போடுகிறார். தரையில் உட்காருவதில்லை. சம்மணம் போட முடியவில்லையே என்ற குறை இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி வருவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

தனியார் ஆஸ்பத்திரி பக்கமே போக முடியாதவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் அதன்கீழ் மூட்டு மாற்றுகிறார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் கல்லூரியாகத் திறக்கப்பட்ட நம் திருப்பூர் அரசு மருத்துவமனையிலும் எலும்பு மூட்டுப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம், கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகள் பலருக்குத் தெரியாத விஷயம், 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. கார்டில் அவர்கள் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் நாளைக்கே எச்ஆரைப் பிடியுங்கள், வலி வந்த பிறகு ஓட வேண்டாம்.

கடைசியாக ஒரு காரியம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுப் பெட்டிக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், சைஸ், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அது டிஸ்சார்ஜ் சம்மரியிலோ கேஸ் ஷீட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும், ஒரு காப்பி கேட்டு வாங்குங்கள். பில்லிலும் மூட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், பேட்ச் நம்பர் தனியாக எழுதப்பட வேண்டும் என்று 2017 ஆணையிலேயே இருக்கிறது. ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து ஸ்டிக்கர் இல்லாதவர்கள், மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.